பதினெட்டு வயதில் எனக்கு ஐம்பத்திரண்டு

பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. கூடவே ஒரு கணவர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன், கட்டிக்கொடுத்த மகள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பிளஸ் டூ பரீட்சை எழுதிய பேனாவில் அப்போது இன்னும் பாதி மை மிச்சமிருந்தது.

கம்பெனி சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், பஸ் நிற்காத ஒரு கரிசல் காட்டுக்குள் இருந்தது. ஆபீஸ் வாசலில் வேப்பமரம், அதன் கீழே மேஜை, மேஜைக்குப் பின்னால் மேனேஜர். நெற்றி நிறைய விபூதி பூசிய பயந்த மனிதர். யார் வந்து நின்றாலும் ஆய்வுக்கு வந்த அதிகாரியோ என்று ஒருமுறை பதறிவிட்டுத்தான் பேசுவார்.

"வேலைக்கு எடம் இருக்கா சார்?" என்று கேட்டேன்.

ரிஜிஸ்டரைப் புரட்டினார். "எடமெல்லாம் இல்ல. பேரு ஒண்ணு காலியா இருக்கு. அதுல உக்காரு" என்றார்.

எங்கள் கம்பெனி வழக்கம் அது. புதிதாக ஓர் ஆளை ரிஜிஸ்டரில் ஏற்றுவதென்றால் வயதுச் சான்று, மருத்துவச் சான்று, இன்சூரன்ஸ், பயிற்சிச் சீட்டு என்று ஏகப்பட்ட காகிதம் வேண்டும். அதனால் ஆள் வேலையை விட்டு நின்றாலும் மேனேஜர் பெயரை நிறுத்த மாட்டார். அடுத்து வருகிறவர் அந்தப் பெயரில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். பஸ்ஸில் ஒருவர் இறங்கியதும் இன்னொருவர் உட்காருவதில்லையா, அப்படி. எனக்கு வாய்த்த பெயருக்குச் சொந்தக்காரி பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, மகனோடு இருக்கத் திருப்பூருக்குப் போயிருந்தார். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு வருடம் இரவல் வாங்கியதே போதும்.

என்னைப் புஸ்வாணத்துக்குத் திரி வைக்கும் அறைக்கு அனுப்பினார்கள். உள்ளே போகுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். அதைத் தொடும்போதெல்லாம் என் பெயரும் சேர்ந்து இறங்கிவிடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். நான் உட்கார வேண்டிய இடத்தில், சுவரில் ஓர் எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது. முன்னால் இருந்தவர் தலை சாய்த்துச் சாய்த்து வந்த கறை. நான் அவரைவிட உயரம் போல. அந்த வட்டம் என் பிடரிக்குத்தான் வந்தது.

ஓர் அறைக்கு நான்கு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். அதைக் கம்பெனி ஒழுங்காகக் கடைப்பிடித்தது. ஆனால் அந்த நான்கு பேர் யார் என்பதில்தான் குழப்பம். என் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், ரிஜிஸ்டர்படி அவர் கல்யாணமாகாத பெண். எதிரே இருந்த அக்கா கேரளாவுக்கு ரப்பர் வெட்டப் போன ஓர் ஆணின் பெயரில் இருந்தார். அதிகாரிகள் வந்தால் அவர் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். நாலாவது ஆள் மட்டும் சொந்தப் பெயரில் இருந்தாள். எங்களுக்கு அவள் மேல்தான் சந்தேகம்.

தினமும் காலையில் வேப்பமரத்தடியில் மேனேஜர் பெயர்களை வாசிப்பார். கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சொல்லி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் நான் பேனாவை எடுத்தேன்.

"ஏ புள்ள, என்ன செய்ற?" என்று பதறிவிட்டார். "அவுக கைநாட்டு. நீ கையெழுத்துப் போட்டா அம்புட்டுப் பேரும் மாட்டிக்கிடுவோம்." மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

தமிழில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு வாங்கியவள் நான். இடது கைப் பெருவிரலை மையில் அமுக்கி, இன்னொருவர் பெயருக்கு நேரே உருட்டினேன். ஆறாவது படிக்கும்போது நுங்கு சீவப் போய் அந்த விரலில் குறுக்காக அரிவாள் பட்டிருந்தது. அந்தத் தழும்பு மட்டும் மையில் ஒட்டாமல் வெள்ளைக் கோடாக விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மருந்து நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒருமுறை கம்பெனிக்கு மருத்துவ முகாம் வந்தது. டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடியும் காற்றடித்தார்.

"ஐம்பத்து மூணு வயசுல இப்படி ஒரு பிரஷரை நான் பார்த்ததே இல்லம்மா. என்ன சாப்பிடுறீங்க?"

"ரேஷன் அரிசிதான் சார்."

"பிள்ளைங்க?"

"ரெண்டு."

"ரெண்டும் சுகப்பிரசவமா?"

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. "ஞாபகம் இல்ல சார்" என்றேன். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரத்த அழுத்தம் சரியாக இருப்பதாகவும், ஞாபகமறதி தொடங்கியிருப்பதாகவும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். பிறகு, "பேர்ல என்ன இருக்கு, வேலை கெடச்சதே பெருசு. நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றாள். எங்கள் வீட்டில் என்னைப் பற்றிய ஒரே புகார் என் வாய்தான்.

அப்படியும், சேர்ந்து ஒன்றரை வருடம் சும்மாதான் இருந்தேன். ஒரு மத்தியானம் பக்கத்து அறையிலிருந்து வந்த திரிக்கட்டில் ஏதோ மாற்று வாடை அடித்தது. பிளஸ் டூவில் வேதியியல் படித்த மூக்கு. "எல்லாரும் வெளிய வாங்க" என்று மற்ற மூவரையும் கிளப்பிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். போர்மேன் வந்து கத்தினார். திரிக்கட்டை முகர்ந்து பார்த்தவர், ஆளைக் கூப்பிட்டு அதைத் தூரக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் போடச் சொன்னார். அப்புறம் திரும்பி வந்து, "வெளிய போகச் சொல்றதுக்கு நாங்க இருக்கோம். கைநாட்டுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். போர்மேன் ஆக வேண்டும். வெளியே வா என்று சொல்லும் உரிமை எனக்கு வேண்டும். அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது. பிளஸ் டூ படித்திருக்க வேண்டும், பட்டாசு ஆலையில் இரண்டு வருடம் வேலை பார்த்ததற்குச் சான்றிதழ் வேண்டும். இரண்டு வருடம் முடிந்த அன்றே மேனேஜரிடம் போய் நின்றேன்.

அவர் சந்தோஷமாகவே எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாள் பெயரில்.

"சார், இது என் பேரு இல்லயே."

"உனக்கு ரெண்டு வருசந்தான வேணும்? இந்தா, இருபது வருசமே தாரேன். வச்சுக்க."

"அம்பத்தி நாலு வயசுக்காரி, பள்ளிக்கூடமே போகாதவுக. அவுகள எப்படி சார் வகுப்புல சேப்பாங்க?"

"அதுக்கு நான் என்ன செய்ய? படிக்க வச்சிருக்கணும்" என்றார். யார் யாரைப் படிக்க வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விண்ணப்பம் போட அந்த மாதக் கடைசி வரைதான் நேரம். என் இரண்டு வருடம் எங்குமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரம்தான் கம்பெனிக்கு ஒரு கடிதம் வந்தது. பட்டாசுத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விழாவில், இருபது வருடம் ஒரு சின்னத் தீக்காயம்கூட இல்லாமல் வேலை பார்த்தவர் என்று, கம்பெனிகள் அனுப்பியிருந்த ரிஜிஸ்டர்களிலிருந்து ஒரு பெயரைப் பொறுக்கியிருந்தார்கள். அது என் பெயர். அதாவது, அவர் பெயர். பதினெட்டு வருடம் அவருடையது, இரண்டு வருடம் என்னுடையது.

மேனேஜர் அரை நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "நீதான் போற. பேசாம மேடையேறு, வாங்கு, எறங்கு."

"எனக்கு இருபது வயசு சார்."

"அத நான் பாத்துக்கிடுதேன்."

அவர் பார்த்துக்கொண்டது இப்படி. அம்மாவின் நூல் சேலை, வாட்ச்மேன் தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, தலையில் முகப்பவுடர். பவுடர் போதவில்லை என்று பக்கத்து அறை அக்கா ஒருத்தி, "கொஞ்சம் அலுமினியப் பவுடரத் தடவுங்க சார், நல்லா மினுங்கும்" என்றாள். பாதுகாப்பு விருது வாங்கப் போகிறவளின் தலையில் வெடிமருந்து. மேனேஜர் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை பறந்துவிட்டது.

விழா சூலக்கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் பெரிய பிளெக்ஸ், அதில் விருது வாங்குகிறவர்களின் பெயர்கள். கண்ணாடி வழியே எனக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அதனால் பெயரை வாசித்ததும் நான் எழுந்தபோது, மூன்றாவது வரிசையிலிருந்து இன்னொரு பெண்ணும் எழுந்ததைப் பார்த்து, அது கண்ணாடியின் கோளாறு என்றே நினைத்தேன். மேடையில் ஏறிய பிறகும் அந்த அம்மாள் பக்கத்திலேயே நின்றார். குட்டையாக இருந்தார். அவர் தலை என் பிடரிக்குத்தான் வந்தது. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஊர்க்காரர் யாரோ பிளெக்ஸைப் போட்டோ எடுத்துத் திருப்பூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். தன்னை இவ்வளவு காலம் கழித்து நினைத்துக்கொண்டார்களே என்று நெகிழ்ந்துபோய், மகனை ரிசர்வேஷன் போடச் சொல்லி வந்திருக்கிறார்.

விருது கொடுக்க நின்ற ஆய்வு அதிகாரி, சேலையும் சான்றிதழும் வைத்த தட்டோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல யாரும்மா அது?"

கீழேயிருந்து மேனேஜர் குரல் கொடுத்தார். "அக்கா தங்கச்சி சார்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"பெத்தவுக பாசத்துல வச்சிட்டாக சார்."

மண்டபம் சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மேடை விளிம்புக்குப் போய்க் குனிந்து, "ஏலே மேனேஜரு, எம் பேர எவளுக்குலே குடுத்த?" என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டார். அந்த அம்மாளும் திரும்பிப் பார்த்தார்.

"எம்புட்டு நாளா இருக்க, எம் பேர்ல?"

"ரெண்டு வருசமா."

"நல்லா வச்சிருந்தியா?"

"பிரஷரெல்லாம் ஒங்களுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அதிகாரி தட்டைக் கீழே வைத்தார். "இருபது வருஷம் வேலை பார்த்தது யாரு?"

"பதினெட்டு நான்" என்றார் அந்த அம்மாள்.

கீழே மேனேஜர் வாயில் விரலை வைத்து எனக்குச் சைகை காட்டினார். கும்பிடக்கூடச் செய்தார். பவுடர் வேர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. பேசினால் கம்பெனியைப் பூட்டுவார்கள் என்று தெரியும். பேசாவிட்டால் நான் பிறந்து பதினெட்டு வருடம் இருந்தேன், அப்புறம் காணாமல் போய்விட்டேன் என்று ஆகிவிடும். எனக்குப் பயமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றினேன்.

"மிச்சம் ரெண்டு வருசம் நான் சார். நான் இவுக இல்ல" என்று மைக்கில் சொல்லி, என் பெயரைச் சொன்னேன். மைக் வேலை செய்யவில்லை. மைக்செட்காரர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். கீச்சென்று கத்தியது. மூன்றாம் முறை சொன்னபோதுதான் மண்டபம் முழுக்கக் கேட்டது. அவ்வளவு பேருக்கு முன்னால் மூன்று முறை சொல்லிவிட்டதால் அதை இங்கே எழுதவில்லை.

அந்த அம்மாள் சேலையை மட்டும் எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டார். சான்றிதழை அதிகாரி திரும்ப எடுத்துக்கொண்டார்.

கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். தீபாவளி ஆர்டர் குவிந்திருந்த நேரம். ஆட்களை ஏற்றிப்போகும் வேன் வரவில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் மூன்று பிள்ளை பெற்ற அந்தக் கல்யாணமாகாத அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் வீட்டு அடுப்பை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "இப்பச் சந்தோசமா?" என்று அம்மா கேட்டாள். இல்லைதான். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் எனக்கு மனசு இல்லை.

பதினைந்தாம் நாள் அதே அதிகாரி விசாரணைக்கு வந்தார். வேப்பமரத்தடியில் மேஜை போட்டார்கள். அந்த அம்மாளையும் வரவழைத்திருந்தார்கள். புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். விண்ணப்பம் போட எனக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

மேனேஜர் இரவெல்லாம் யோசித்து ஒரு வாதத்தோடு வந்திருந்தார். "சார், இந்தப் பிள்ள நம்ம ரிஜிஸ்டர்லயே இல்ல. ரிஜிஸ்டர்ல இல்லாத ஆளு உள்ள வேலை பாக்கக்கூடாது. அதனால இவ வேலை பாக்கல. சட்டம் சார்."

"அந்தம்மா ரெண்டு வருஷமா திருப்பூர்ல இருந்திருக்காங்க. இந்தப் பொண்ணும் வேலை பார்க்கல. அப்போ திரி வச்சது யாரு?"

மேனேஜர் நெற்றி வேர்வையை விபூதியோடு துடைத்தார். "அதான் சார் எனக்கும் புரியல."

"ரிஜிஸ்டரக் கொண்டுவரச் சொல்லுங்க சார்" என்றேன்.

"ஏ புள்ள, பெரியவுக பேசும்போது குறுக்க பேசாத."

"என்னயப் பத்தித்தான பேசுறீக? அதுல நான் பேசாம வேற யாரு பேசுவா?"

அதிகாரி ரிஜிஸ்டரை வாங்கிப் பிரித்தார். நான் மைப்பெட்டியை எடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் என் பெருவிரலை உருட்டி அவர் முன்னால் வைத்தேன். குறுக்கே வெள்ளைக் கோடு. அவர் ரிஜிஸ்டரில் ஒரு பக்கம் பார்த்தார், அடுத்த பக்கம் பார்த்தார். இரண்டு வருடம், வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும், அந்த அம்மாள் பெயருக்கு நேரே என் நுங்குத் தழும்பு. கையெழுத்துப் போட விட்டிருந்தால்கூட என்னிடம் இவ்வளவு நல்ல சாட்சி இருந்திருக்காது.

அதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டியவர் நின்றுவிட்டார். அங்கே ரேகையே இல்லை. வெறும் மை வட்டங்கள். அந்த அம்மாளையும் ஒரு தாளில் வைக்கச் சொன்னார். அவர் வைத்தார், மறுபடி வைத்தார், சேலையில் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் வைத்தார். பதினெட்டு வருடப் பசையும் காகிதமும் மருந்தும் விரலை மொழுக்கென்று தேய்த்திருந்தன.

"எனக்கு ஒண்ணுமே விழலியேத்தா" என்று என்னிடம் தாளைக் காட்டினார். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "அப்ப நான் வேலை பாக்கலன்னு ஆயிருமா சார்?" என்று கேட்டார். நான் அவருடைய பெயரை வாங்கிக்கொண்டேன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இப்போது வருடங்களையும் வாங்கிவிடுவேன் போலிருந்தது.

"அவுக பாத்ததுக்கு நான் சாட்சி சார். வாங்க, காட்டுறேன்" என்று எழுந்தேன்.

எல்லோரும் வரிசையாகச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, நான்கு நான்கு பேராக எங்கள் அறைக்குள் வந்தார்கள். சுவரில் இரண்டு எண்ணெய் வட்டங்கள் இருந்தன. கீழே பழையது, கறுத்தது. மேலே புதியது, மங்கல். அதிகாரி அந்த அம்மாளை உட்காரச் சொன்னார். அவர் புதுச் சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, பழக்கத்தில் தலையைப் பின்னால் சாய்த்தார். கீழ் வட்டத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு என்னை உட்கார வைத்தார். அளவு பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று வெகுநேரம் ஏதோ எழுதினார். என்ன தலைப்பில் எழுதினாரோ தெரியாது. பதினெட்டு வருடம் அந்த அம்மாளுக்கு, இரண்டு வருடம் எனக்கு என்று பிரித்துச் சான்றிதழ் தரும்படி மேனேஜருக்கு உத்தரவு போட்டார். எல்லோரையும் சொந்தப் பெயரில் ஏற்றிய பிறகே கம்பெனியைத் திறக்கலாம் என்றும் சொன்னார்.

கடைசி நாள் சாயங்காலம் என் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

கம்பெனி திறந்த முதல் நாள் வேப்பமரத்தடியில் மேனேஜர் புது ரிஜிஸ்டரை வாசித்தார். ஒரு பெயர் வாசிப்பார், யாரும் அசைய மாட்டார்கள். அடுத்ததை வாசிப்பார், அதற்கும் சத்தம் இருக்காது. எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தோம். எங்கள் அறையில் எதிரே உட்காரும் அக்கா பழக்கத்தில் கக்கூஸ் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டாள். நாலாவது ஆள் மட்டும் "இருக்கேன்" என்று டாண்ணு சொன்னாள்.

மேனேஜர் இன்னொரு பெயரை வாசித்தார். யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் வாசித்துவிட்டு ஏதோ எழுதினார். யார் இது, முதல் நாளே வராமல் இருக்கிறாள் என்று நானும் சுற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது.

"சார், அது நானு!"

"ஆப்சென்ட் போட்டாச்சே."

"நான் இங்கனதான நிக்கேன். அடிச்சிட்டு எழுதுங்க."

அவர் என்னை முறைத்தார். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். கோடு போட்டு அடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். அதை மூடி அவரிடமே தள்ளிவிட்டு, அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினேன்.